மாடலர் கையில் இருக்கிறதா? பாக்ஸுக்கு 30,000 ரூபாய் போதும்

கிடார் மாடலர் (ஆம்ப், எஃபெக்ட் எல்லாவற்றையும் டிஜிட்டலாக உள்ளேயே செய்துதரும் கருவி) வாங்கிய கையோடு பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, ஹெட்போன்ல அட்டகாசமா இருக்கு. வெளிய எதுல விட்டுக் கேக்குறது?" பாஸ் ஜிடி-1 ஆகட்டும், எச்எக்ஸ் ஸ்டாம்ப் ஆகட்டும், கேள்வி மாறுவதில்லை.

சென்னை பெரம்பூரில் இருந்துகொண்டு கல்யாண ரிசப்ஷன், ஆடி மாசத்து அம்மன் கோயில் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று வாசிக்கிற எனக்குத் தெரிந்த பதில் இது: ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிற ஒரு சாதாரண பிஏ பாக்ஸ் (மேடையில் பாட்டும் பேச்சும் ஒலிக்க வைக்கும் ஸ்பீக்கர்), 30,000 ரூபாய்க்குள். அது போதும். அதற்கு மேல் பாக்ஸில் கொட்டுகிற பணத்தைவிட, பேட்சை (மாடலரில் சேமித்துவைக்கும் டோன் அமைப்பை) எந்தச் சத்தத்தில் வைத்துச் செய்கிறோம், பாக்ஸை எங்கே எந்தச் சாய்வில் வைக்கிறோம் என்ற இரண்டில் செலவழிக்கிற நேரம்தான் காதுக்குத் தெரியும்.

கிடார் ஆம்ப் இருக்க, பிஏ பாக்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். கிடார் ஆம்பில் இருக்கும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் எல்லாச் சத்தத்தையும் தராது. ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மளமளவென்று இறங்கிவிடும், உச்சச் சத்தம் தரும் ட்வீட்டர் கிடையாது. அந்தக் குறையைத்தான் நாம் இத்தனை வருஷமாக 'கிடார் டோன்' என்று ரசித்துக்கொண்டிருக்கிறோம். மாடலர் என்ன செய்கிறது? ஆம்ப், கேபினெட், அதன் முன் வைத்த மைக் மூன்றையும் உள்ளேயே செய்துமுடித்துவிட்டு வெளியே அனுப்புகிறது. அதை மறுபடி ஒரு கிடார் ஆம்புக்குள் விட்டால் கேபினெட்டுக்குள் கேபினெட். சத்தம் மூக்கடைத்துப் போய்விடும். வந்ததை வந்தபடி தருகிற, கீழிலிருந்து மேல்வரை எல்லா ஃப்ரீக்வென்சியும் உள்ள பாக்ஸ்தான் மாடலருக்கு ஏற்றது.

எங்கள் வேலைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. மெல்லிசைக் கச்சேரியில் ஒரே ராத்திரியில் நைலான் கிடார் வேண்டும், வா-வா வேண்டும், க்ளீன் ஆர்ப்பெஜியோ வேண்டும், கடைசியில் குத்துப்பாட்டுக்கு டிஸ்டார்ஷனும் வேண்டும். கிடார் ஆம்பில் அக்கூஸ்டிக் பேட்ச் உயிரில்லாமல் கேட்கும். ஃபுல் ரேஞ்ச் பாக்ஸில் அந்தச் சிக்கல் இல்லை.

என்ன வாங்குவது

'எஃப்ஆர்எஃப்ஆர்' என்று எழுதி கிடார்காரர்களுக்கென்றே விற்கும் பாக்ஸ்கள் உண்டு. முழு ரேஞ்ச், சமமான ரெஸ்பான்ஸ் என்று அர்த்தம். ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, 112 இரண்டும் இந்த வகையில் பிரபலம். ஹெட்ரஷும் ஆல்ட்டோவும் இன்மியூசிக் என்ற ஒரே கம்பெனிக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொண்டு, ஆல்ட்டோவின் டிஎஸ் வரிசைப் பாக்ஸையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெயருக்காகக் கூடக் கொடுக்க வேண்டுமா என்பது அப்போது தெரியும். பெரிங்கரின் பி112டி, பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டினால் யமஹாவின் டிபிஆர்10 எல்லாம் இதே வேலையைச் செய்பவைதான். எதுவும் ஸ்டூடியோ மானிட்டர் மாதிரி நேர்கோடாக ஒலிக்காது. தேவையும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

8 இஞ்சா, 10 இஞ்சா, 12 இஞ்சா? கிடாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதைத் தர 12 இஞ்ச் வூஃபர் (கீழ்ச் சத்தம் தரும் ஸ்பீக்கர்) கட்டாயமில்லை. வீட்டுக்கும் சின்ன சர்ச்சுக்கும் 8 தாராளம். டிரம்ஸ் செட்டோடு வாசிப்பவர் 10 அல்லது 12 பார்க்கட்டும். நான் 10-இல் நின்றுவிட்டேன். காரணம் இசை சம்பந்தப்பட்டதே அல்ல: ஆக்டிவாவில் கால் வைக்கிற இடத்தில் 10 இஞ்ச் பாக்ஸ் நிற்கும், 12 நிற்காது. கிடார் முதுகில், மாடலர் சீட்டுக்கு அடியில், பாக்ஸ் காலுக்கு நடுவில். ஆட்டோ கூலி மிச்சம். டிபிஆர்10 பத்தரை கிலோதான் என்பதால் லிஃப்ட் இல்லாத மாடிக்கும் ஒரு கையில் தூக்கிவிடலாம்.

அட்டையில் அச்சடித்த வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய எழுத்தில் இருப்பது 'பீக்'. தொடர்ச்சியாகத் தாங்குவது அதில் பாதியோ, அதற்கும் குறைவோ. அப்படியே வாட்டை இருமடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு 'இருமடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே 1000-க்கும் 1300-க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிடாரையும் மாடலரையும் எடுத்துப்போங்கள். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரியான கடையோ, பிஏ சாமான் மட்டும் விற்கும் இடமோ, வாங்க வந்தவர் வாசித்துப் பார்க்கக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. அங்கே மூன்று விஷயம் பாருங்கள். எதையும் சொருகாமல் வால்யூமைப் பாதிக்குமேல் திருப்பி ட்வீட்டரின் வாயான ஹார்னுக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எவ்வளவு? மேடையில் தெரியாது, வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு உயிரை எடுக்கும். இரண்டாவது, கீழ் ஈ கம்பியில் ஓப்பனில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக 12 வரை சத்தமாக ஏறுங்கள். பெட்டியிலோ கிரில்லிலோ ஏதாவது தளர்ந்திருந்தால் ஏதோ ஒரு சுருதியில் டிர்ர்ரென்று அதிரும். மூன்றாவது, பின்பக்கம் 'கான்டூர்' என்றோ 'டிஜே' என்றோ ஒரு பட்டன் இருந்தால் அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அது கீழையும் மேலையும் தூக்கிவிடும். பாட்டு போட்டால் ஜோராக இருக்கும், கிடாருக்கு ஆகாது.

புளூடூத் இருக்கிறதே, அதில் கிடாரை அனுப்பலாமா என்று கேட்பார்கள். கூடாது. மாடலருக்குள் ஆகும் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். புளூடூத் நூறைத் தாண்டிவிடும். கம்பியை அடித்துவிட்டு சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அது இடைவேளையில் பாட்டு போட மட்டும்.

சொருகுவது

மாடலரில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் கனெக்டர்) அவுட் இருந்தால் அதிலிருந்து பாக்ஸின் எக்ஸ்எல்ஆருக்கு. இல்லையென்றால் கால் இஞ்ச் ஜாக்கிலிருந்து பாக்ஸின் லைன் இன்புட்டுக்கு. பாக்ஸில் மைக்/லைன் சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். மைக்கில் இருந்தால் நாபைத் தொட்டாலே கத்தும், சிவப்பு விளக்கு எரியும், பாக்ஸ் மோசம் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரே பாக்ஸ் என்றால் 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதிய ஜாக்கை மட்டும் பயன்படுத்துங்கள். இடம் வலமாகத் தாவும் டிலே எல்லாம் மோனோவில் பாதி காணாமல் போகும். அந்த பேட்ச்களை மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். டியூப் ஆம்ப் ஹெட்டின் ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் எந்தக் காலத்திலும் பவர்டு பாக்ஸில் சொருகாதீர்கள். பாக்ஸும் போகும், ஹெட்டும் போகலாம்.

கேபிளுக்கு ரிட்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. ரெடிமேடாக வாங்குவதைவிட வயரும் கனெக்டரும் தனித்தனியாக வாங்கி அங்கேயே சால்டர் அடித்து வாங்கிக்கொள்வேன். பின் 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. அடித்தவுடன் மூடியை மாட்ட விடாமல் உள்ளே பார்த்துவிடுங்கள். ஷீல்டு வயரில் ஒரு முடி பின் 2-ஐத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மேடையில் அதைத் தேட முடியாது.

லெவல் வைப்பது சுலபம். மாடலரின் மாஸ்டர் முக்கால். பாக்ஸின் நாப் பூஜ்யம். ஆறு கம்பியையும் பலமாக அடித்துக்கொண்டே பாக்ஸை ஏற்றுங்கள். லிமிட் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து நன்றாகக் கீழே நில்லுங்கள்.

கேபினெட் அணைந்திருந்தால்

மாடலரில் கேபினெட் பிளாக் அல்லது ஐஆர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐஆர் என்பது நிஜக் கேபினெட்டும் மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பதிவு செய்த ஒரு சின்ன ஃபைல். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்ட் நீளம்தான், ஆனால் டோனில் பெரும்பங்கு அதற்குள் இருக்கிறது. அது அணைந்திருந்தால் டிஸ்டார்ஷன் பேட்ச் காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இருக்கும். ஜிடி-1 போன்றவற்றில் 'அவுட்புட் செலக்ட்' என்று ஒன்று உண்டு. அதை லைன்/ஃபோன்ஸ் என்று வையுங்கள். ஜேசி-120, ஸ்டேக் என்று இருந்தால் கிடார் ஆம்புக்கு ஏற்றபடி திருத்தி அனுப்பும்.

இங்கே ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாக்ஸிலிருந்து வருவது, ஆம்பின் முன்னால் ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக் வைத்துப் பதிவு செய்த ஒலி. ரூமில் ஆம்ப் முன்னால் நிற்கும்போது கால்சட்டையில் அடிக்கும் அந்தக் காற்று இதில் வராது. ஐஆர் பேக்குகளாக வாங்கிக் குவித்தாலும் வராது. ஜனங்கள் கேட்பது எப்போதும் மைக் வைத்த ஒலியைத்தான். நாமும் அதைக் கேட்டு வாசிக்கப் பழகுகிறோம், அவ்வளவே. ஐஆர் இரண்டு போதும், க்ளீனுக்கு ஒன்று, டிஸ்டார்ஷனுக்கு ஒன்று. மிச்ச நேரத்தில் பாட்டைப் படிக்கலாம்.

பேட்சை எந்தச் சத்தத்தில் செய்வது

முக்கியமான இடம் இதுதான். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத சத்தத்தில் செய்த பேட்ச் மண்டபத்தில் ஏன் சொதப்புகிறது? 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியதுதான் காரணம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பாஸும் உச்ச டாப்பும் சரியாக எட்டாது. அதனால் வீட்டில் அறியாமலே இரண்டையும் ஏற்றிவிடுகிறோம், மிட்டைக் குறைத்துவிடுகிறோம். அதே பேட்சை மண்டபத்தில் ஏற்றினால் ஏற்றிவைத்ததெல்லாம் திரும்பி அடிக்கும்: அடியில் குமுறல், மேலே குத்தல். நடுவில் கிடார் இருக்க வேண்டிய இடத்தை கீபோர்டும் பாடகரும் எடுத்துக்கொள்வார்கள்.

எனவே வாசிக்கப்போகும் சத்தத்திலேயே, வாசிக்கப்போகும் பாக்ஸிலேயே பேட்சைச் செய்ய வேண்டும். மலிவு பாக்ஸ் நேர்கோடாக ஒலிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று மேலே சொன்னது இதனால்தான். அதன் கோணலையும் சேர்த்தே திருத்திவிடுகிறீர்கள். ஃப்ளாட்டில் குடியிருப்பவர் ஜாம் ரூமை வாரநாளில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கலாம். ரிசப்ஷன் வாசிப்பவருக்கு அதுவும் தேவையில்லை. சாயங்காலம் நாலு மணி மண்டபம் இருக்கிறது. சேர் போட்டுக்கொண்டிருப்பார்கள், மேடைக்குப் பின்னால் பூ அலங்காரம் பாதியில் இருக்கும், மைக் செட்காரர் வயர் இழுத்துக்கொண்டிருப்பார். அந்த முக்கால் மணி நேரம் தங்கம்.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். டிரம்மரை ஸ்நேர் அடிக்கச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் கிடார் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு பாக்ஸை ஏற்றுவேன். செல்போனில் டெசிபல் காட்டும் ஆப் இருந்தால் 90-க்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் க்ளீன் பேட்ச். கேபினெட் பிளாக்கில் லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 6.5 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் ஆரம்பப் புள்ளிதான். தனியாகக் கேட்டால் ஒல்லியாகத் தோன்றும். பாஸ்காரரைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னதும் அந்த ஒல்லி சரியாகிவிடும், ஏனென்றால் அடிப்பகுதி அவருடைய இடம். இன்னும் குமுறினால் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 2 டெசிபல் இறக்குவேன். மேல் கம்பியில் வாசிக்கும்போது நெற்றியில் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குறுகலாக ஒரு கட். மலிவு பாக்ஸ்களில் வூஃபரும் ஹார்னும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால் அந்தப் பிராந்தியம் கொஞ்சம் முரடாகவே இருக்கும்.

அடுத்தது டிஸ்டார்ஷன். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) வீட்டில் இருந்ததில் கால்வாசி குறையுங்கள். சத்தமாக வாசிக்கும்போது குறைந்த கெயினே நிறைந்து கேட்கும், அதிகக் கெயின் கூழாகிவிடும். ரிவர்பையும் குறையுங்கள். டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், கண்ணாடிக் கதவு என்று மண்டபமே இலவசமாக ரிவர்ப் தருகிறது. கூட்டம் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், முழுக்க அடங்காது.

கடைசியாக பேட்ச்களுக்கு நடுவே லெவல். க்ளீனில் ஒவ்வொரு அடியும் துள்ளும், டிஸ்டார்ஷன் அமுங்கி ஒரே மட்டமாக இருக்கும். மீட்டரில் சமமாக வைத்தால் காதுக்குச் சமமாக இருக்காது. ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி வாசித்துக் காதால் வையுங்கள். சோலோவுக்கு 3 அல்லது 4 டெசிபல் பூஸ்ட், ஆம்ப் பிளாக்குக்குப் பின்னால். முன்னால் வைத்தால் சத்தம் ஏறாது, டிஸ்டார்ஷன்தான் ஏறும்.

அடுத்த மண்டபத்தில் குமுறினால் பேட்சைத் தொடாதீர்கள். எல்லா பேட்சுக்கும் பொதுவான, மாடலரின் குளோபல் ஈக்யூவில் திருத்துங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பேட்சைத் திருத்திக்கொண்டிருந்தால் ஐப்பசி முகூர்த்தம் முடிவதற்குள் எது மூலம், எது திருத்தம் என்றே தெரியாது.

வைக்கும் இடம்

ஹார்ன் ஒலியைக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே வீசும். பெரும்பாலும் பக்கவாட்டில் 90 டிகிரி, மேலும் கீழும் 60. பாக்ஸை நமக்குப் பின்னால் தரையில் நேராக நிற்கவைத்தால் டாப் முழுக்க முழங்காலோடு போய்விடும். நமக்கு மங்கலாகக் கேட்கும், டாப்பை ஏற்றுவோம், முதல் வரிசையில் உட்கார்ந்த மாமா காதைப் பொத்திக்கொள்வார். ஹார்ன் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்துச் சாய்க்கும்படி வெட்டிய பெட்டி என்றால் மானிட்டர் மாதிரி முன்னால் வைத்துவிடலாம். ஆனால் படுக்கவைத்தால் ஹார்னும் சுழன்று, அகலம் 60 ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டடி தள்ளி நின்றாலே மங்கும்.

பின்னால்தான் வைக்க வேண்டுமென்றால் உயரத்தில் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லாத நாளில் மண்டபத்து பிளாஸ்டிக் சேர்தான் கதி. கை இல்லாத சேர் ஆகாது, கால் விரிந்துகொள்ளும். கை உள்ள சேர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, பாக்ஸின் முதுகை சேரின் முதுகோடு ஒட்டிச் சாய்த்தால் சாய்வும் தானாகக் கிடைக்கும். ஒரு கயிறு கட்டிவிடுங்கள், குழந்தைகள் ஓடுகிற இடம். தரையில் வைத்தால் பாஸ் கூடும். மூலையில் தள்ளினால் இன்னும் கூடும். பலகை அடித்த மேடை உள்ளே பொள்ளல், அதன்மேல் பாக்ஸ் வைத்தால் மேடையே சேர்ந்து உறுமும். அப்போது லோ கட்டை 120-க்குக் கொண்டுபோங்கள். பாக்ஸிலும் 'மானிட்டர்' என்ற செட்டிங் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். யமஹாவில் டி-கான்டூருக்குள் இருக்கிறது.

பாடகர் மைக்கின் வாய்க்கு நேராக மட்டும் வைக்காதீர்கள். "தம்பி, பாடகி மைக்ல உங்க கிடார்தான் வருது, கொஞ்சம் திருப்புங்க" என்று மைக் செட்காரர் சொன்னால் உடனே திருப்பிவிடுங்கள். அந்த ராத்திரி முழுக்க நம் சத்தம் அவர் கையில்.

அவருக்குத் தனி லைன் கொடுப்பதுதான் முறை. எக்ஸ்எல்ஆர் அவருக்கு, கால் இஞ்ச் நம் பாக்ஸுக்கு. ஹீலிக்ஸ் போன்றவற்றில் பெரிய வால்யூம் நாப் கால் இஞ்ச் அவுட்டை மட்டும் கட்டுப்படுத்தும்படி செட் செய்யலாம். நம் பாக்ஸை ஏற்றி இறக்கினாலும் வெளியே போகும் லெவல் அசையாது. இரண்டு அவுட் இல்லாத மாடலர் என்றால் பாக்ஸின் பின்னால் இருக்கும் லிங்க் அவுட்டிலிருந்து அவருக்கு ஒரு கேபிள். "அண்ணே, என் லைன்ல ஃபேன்டம் வேண்டாம்" என்று சொருகுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மைக்குக்காக மிக்ஸர் அனுப்பும் அந்த 48 வோல்ட்டை எல்லா மாடலரும் தாங்குவதில்லை.

கரண்ட், மழை

மாடலரும் பாக்ஸும் ஒரே பவர் போர்டில். சீரியல் செட்டும் டிம்மர் லைட்டும் போகும் போர்டு வேண்டாம். 'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள், லேப்டாப் யுஎஸ்பி சொருகியிருந்தால் கழற்றுங்கள். எர்த் பின்னை உடைத்துச் சொருகச் சொல்லும் நிபுணர்கள் எல்லா மேடையிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள், உயிர் போகும் வேலை. ஆன் செய்யும்போது மாடலர் முதலில், பாக்ஸ் கடைசியில். ஆஃப் செய்யும்போது பாக்ஸ் முதலில். ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடியில் மாடலர் அணைந்து, பாதிப் பாட்டில் லோகோ காட்டிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் மாடலரை மட்டும் மாட்டினால் அந்த அவமானம் இல்லை.

இந்த ஊரின் உப்புக் காற்றுக்கு பிளாஸ்டிக் பெட்டி மரத்தைவிட உத்தமம். திருவான்மியூர், ராயபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் ஜாக் ஓட்டைகளில் அவ்வப்போது கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டோவில் கொண்டுபோனால் கவர் மட்டும் போதாது, பெரிய குப்பைக் கவர் ஒன்றை மேலே கவிழ்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே வியர்த்துவிடும்.

பழைய பாக்ஸ் வாங்குவதாக இருந்தால் வாடகைக்கு ஓடியதா என்று விசாரியுங்கள். ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு ஹார்னைக் கையால் மூடி மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது ஒலி மாறவில்லை என்றால் ட்வீட்டர் போய்விட்டது. டயஃப்ரம் மட்டும் மாற்றினால் போதும் என்று விற்பவர் சொல்வார். உதிரி கிடைக்கிறதா என்று ரிட்சி தெருவில் கேட்டு, அந்த விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.